கழற்றக் கூடாத பவளம்

ஊருக்கெல்லாம் ராசிக்கல் விற்கிற வேடியப்பனின் பத்து விரலும் மொட்டை. தேரடித் தெருவில் இருக்கும் அவன் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பார்கள், அடுத்து அவன் கையைப் பார்ப்பார்கள். "நீங்க ஒண்ணும் போட்டுக்கலீங்களா?" என்ற கேள்வி வந்தே தீரும். "நம்ம ஜாதகத்துக்கு எந்தக் கல்லும் ஒத்துக்க மாட்டேங்குதுங்க. அதான் போட்டுக்கிற யோகத்தைக் குடுக்காம விக்கிற யோகத்தைக் குடுத்துட்டான் அண்ணாமலையான்" என்று மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுவான். வந்தவர்களும் கும்பிடுவார்கள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் பாதி வியாபாரம் முடிந்திருக்கும்.

பஜ்ஜி போடுகிறவனுக்குத்தான் அந்த எண்ணெயின் வயது தெரியும். வேடியப்பனுக்குக் கல்லின் மேல் துளி நம்பிக்கை கிடையாது. அதற்காக அவனை மோசடிக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணாடித் துண்டைக் காட்டிப் புஷ்பராகம் என்று ஒருநாளும் சொல்லமாட்டான். கல் அசல்தான், பலன் மட்டும் சொந்தத் தயாரிப்பு. முத்து மனசை அடக்கும், மரகதம் புத்தியைத் தீட்டும், பவளம் ரத்தத்துக்கும் தைரியத்துக்கும் நல்லது, கோமேதகம் வயிற்றுக் கோளாறை விரட்டும் என்பதெல்லாம் எந்தக் கடையிலும் சொல்வதுதான். வேடியப்பன் தன் மூளையைச் செலவழித்து அதற்கு மேல் சேர்த்தவை இரண்டு விதிகள்.

போட்ட கல்லைக் கழற்றக் கூடாது என்பது முதல் விதி. கழற்றினால் அதுவரை சேர்ந்த பலன் கரைந்துபோகும். குளியலறையில் கழற்றி வைத்துத் தொலைத்துவிட்டுக் கடையில் வந்து சண்டை போடுகிறவர்களையும், கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களையும் உத்தேசித்து அதைக் கண்டுபிடித்தான். இரண்டாவது விதி இன்னும் நேர்த்தி: கல் விரலில் இருக்கும்வரை பொய் சொல்லக் கூடாது. 'ஒரு பலனும் தெரியலீங்களே' என்று யாராவது வந்து நின்றால் வேடியப்பன் குரலைத் தாழ்த்தி, "நடுவுல பொய் கிய் ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்பான். இல்லை என்று சொன்ன மனிதரை அவன் இன்னும் சந்திக்கவில்லை. எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு படியிறங்கிப் போயிருக்கிறார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. கடையைத் திறந்து ஊதுவத்தியைக் கொளுத்தும்போது மனைவி கஸ்தூரி போன் செய்தாள். அவள் விடியற்காலையிலேயே தன் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

"ஏங்க, உடனே கெளம்பி வாங்க. அம்மா மோதிரத்தைக் கழட்ட மாட்டேன்றாங்க."

"எந்த மோதிரத்தை?"

"நீங்க குடுத்த பவளத்தைத்தான். அதைக் கழட்டாம தியேட்டருக்குள்ள வுட மாட்டாங்களாம். கழட்டுனா எனக்கு ஆபரேஷனே வோணாம்னு இவங்க குந்திக்கினு இருக்காங்க. 'எங்க மாப்பிள்ளை கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு'ன்னு நர்சுகிட்ட ஒரே வாதம்."

வேடியப்பன் ஊதுவத்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். கல்யாணமானதிலிருந்து மாமியார் தன் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து அவன் பார்த்ததில்லை. முதல் தடவையாகக் கொடுத்திருக்கிறார், அதுவும் இந்த இடத்தில்.

மாமியார் ரேணுகாம்பாளுக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிச் சுக்குக் காப்பிக் கடை. மாப்பிள்ளைக்குரிய மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டார். 'ங்க' போட்டுத்தான் குத்துவார். "மலையே கல்லா நிக்குது, ஜனங்க அதைச் சும்மா சுத்திக் கும்புட்டுட்டுப் போறாங்க. நீங்க பட்டாணி அளவு கல்லைக் காட்டிக் குடும்பமே நடத்துறீங்க. கெட்டிக்காரர்தாங்க மாப்பிள்ளை" என்பார்.

ஆனால் அந்த அம்மாள் ஒரு காலத்தில் பூனை குறுக்கே வந்தாலே உட்கார்ந்துவிடுகிற ரகம். கணவர் தருமன் இருந்தவரை கடைக்குப் பின்னால் டம்ளர் கழுவியதோடு சரி. தருமன் போன பிறகு கடை பூட்டியே கிடந்தது. பௌர்ணமிக் கூட்டத்தின் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். கஸ்தூரி அழுது அழுது கேட்டதில், யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமலே போன ஒரு பவள மோதிரத்தை எடுத்துக்கொண்டு வேடியப்பன் அடி அண்ணாமலைக்குப் போனான். "பவளம் செவ்வாயோட கல்லுங்க அத்தை. தைரியத்தைக் குடுக்கும். கழட்டாதீங்க, பொய் சொல்லாதீங்க" என்று வாய்ப்பழக்கத்தில் இரண்டு விதிகளையும் ஒப்பித்துவிட்டு வந்தான்.

அடுத்த பௌர்ணமிக்குக் கடை திறந்துவிட்டது. அதற்கும் அடுத்த பௌர்ணமியில், அடுப்பை ஓரமாகத் தள்ளிப் போடச் சொன்ன போலீஸ்காரரிடம், "இந்த ரோடு போடுறதுக்கு முன்ன இருந்து எங்க அடுப்பு இங்கதான் எரியுது. நீ வேணா ஓரமா நில்லு தம்பி, காப்பி தரேன்" என்றார் ரேணுகாம்பாள். போலீஸ்காரர் ஓரமாக நின்று குடித்துவிட்டுப் போனார். பவளத்தின் மகிமை பாதை முழுக்கப் பரவியது. அந்தப் பக்கத்திலிருந்து பவளம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், வெட்கமில்லாமல், மாமியாரைக் காட்டித்தான் வேடியப்பன் விற்றான்.

இப்போது வேங்கிக்கால் பக்கம், புதுக் குடியிருப்புகளுக்கு நடுவில் இருந்த அந்த ஆஸ்பத்திரியை நோக்கி ஸ்கூட்டரை விரட்டினான். மாமியாருக்குப் பித்தப்பையில் கல். சீழ் வைக்கத் தொடங்கிவிட்டது, இனி ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் ஆர்த்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமைதான் வேண்டும், அதிலும் எமகண்டம் கழிந்துதான் உள்ளே வருவேன் என்று மாமியார் அடம்பிடித்ததற்குக்கூட டாக்டர் தலையாட்டியிருந்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில், உள்ளே இருக்கிற கல்லை எடுக்க வெளியே இருக்கிற கல் விடமாட்டேன் என்கிறது.

பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டிருந்தார் ரேணுகாம்பாள். இடது கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வலது கையை மூடி முஷ்டியாக்கி மடியில் வைத்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. நீங்களே இந்தப் பொண்ணுக்கு எடுத்துச் சொல்லுங்க."

அந்தப் பொண்ணு நர்ஸ் கீர்த்தனா. "சார், கரண்ட்டு வெச்சுதான் உள்ள ஆபரேஷன் பண்ணுவாங்க. கையில உலோகம் இருந்தா அந்த எடத்துல சூடு வெச்சிடும். கழட்டலன்னா கட்டர்ல வெட்டித்தான் எடுக்கணும்."

"வெட்டு. வெரலோட சேத்து வெட்டிக்க" என்றார் ரேணுகாம்பாள். முஷ்டி இன்னும் இறுகியது.

வேடியப்பன் கட்டிலோரம் உட்கார்ந்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது. மோதிர வளையத்தில் கல்லை ஒட்டி மஞ்சள் நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. நோயில் உடம்பு இளைத்து மோதிரம் தொளதொளவென்று ஆகிவிட, கழன்று விழாமல் இருக்க அவரே சுற்றியிருக்கிறார். கட்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கையை விரித்தால் தானாக வந்துவிடும். கைதான் விரியவில்லை.

அந்த நூலைப் பார்த்ததும் வேடியப்பன் மாமியாரின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்வது என்று முடிவுசெய்தான்.

"அத்தை, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அந்தக் கல்லுல ஒண்ணுமே இல்ல."

"இன்னாது?"

"அது வெறும் கல்லுங்க. தைரியம் அதுல இருந்து வரல. கடையைத் தொறந்தது நீங்க. போலீஸ்காரருக்குப் பதில் சொன்னது நீங்க. கழட்டக் கூடாதுங்கறதெல்லாம் நானா கட்டி வுட்டது. எல்லாருக்கும் சொல்ற மாதிரி உங்களுக்கும் சொல்லிட்டேன்."

கஸ்தூரி சுவரைப் பார்த்துக்கொண்டாள். ரேணுகாம்பாளின் கண்ணில் மெல்ல நீர் கட்டியது. தொலைந்தோம் என்று வேடியப்பன் நினைத்தான்.

"பாத்தியாடி கஸ்தூரி" என்றார் மாமியார். குரல் தழுதழுத்தது. "என்னைக் காப்பாத்தணும்னு, சோறு போடுற தொழிலையே பொய்யின்னு சொல்றாரு. பெத்த புள்ளகூட இப்பிடிச் சொல்ல மாட்டான்."

"இல்லீங்க அத்தை, நெஜமாத்தான்..."

"போதுங்க மாப்பிள்ளை. எனக்கோசரம் இவ்ளோ பெரிய பொய் சொல்லாதீங்க. நாலு பேர் காதுல வுழுந்தா யாவாரம் படுத்துடும்."

பொய்யை நம்பவைக்க வேடியப்பனுக்குப் பல வழிகள் தெரியும். உண்மையை எப்படி நம்பவைப்பது என்று அவன் பழகியிருக்கவில்லை.

ரேணுகாம்பாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கழட்டுனா பழையபடி ஆயிடுவேன் மாப்பிள்ளை. அந்தக் கதவுக்கு அந்தாண்ட உங்க யாரையும் வுட மாட்டாங்க, நான் தனியாத்தான் போவணும். அவரு போன பின்னாடி கதவைச் சாத்திக்கினு நடுங்கிக் கெடந்தேனே, அந்த மாதிரி நடுங்கிக்கினு உள்ள போவ என்னால ஆவாது. அதுக்கு இப்பிடியே கெடந்து செத்துடலாம்."

வெளியே தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. கீர்த்தனா கடிகாரத்தைப் பார்த்தாள். வேடியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் குரல் தானாகக் கடைக் குரலாக மாறியது.

"சரிங்க அத்தை. கழட்டாமலே கழட்டுறதுக்கு ஒரு மொறை இருக்குது. கல்லைக் கீழ வெக்கக் கூடாது, பொட்டியில போடக் கூடாது. ஒரு கையில இருந்து நேரா இன்னொரு கைக்கு மாறணும். அது சொந்தக்காரங்க கையா இருக்கணும். அப்பிடி மாத்துனா கல்லுக்கு வித்தியாசமே தெரியாது. பலன் உங்க பேர்லயே நிக்கும்."

"இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

"எல்லார்கிட்டயும் சொல்றதில்லீங்க."

அது மட்டும் சத்தியம். அரை நிமிடத்துக்கு முன்பு பிறந்த விதியை யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

கஸ்தூரி சட்டென்று கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையை ஒதுக்கினார். "உன் கையா? பல்லி வுழுந்தா பக்கத்து வூட்டுக்கு ஓடுறவ நீ. கல்லு பயந்துக்கும். மாப்பிள்ளை, நீங்க போட்டுக்கங்க."

"நானுங்களா? என் ஜாதகத்துக்குக் கல்லே..."

"உங்க ஜாதகம் யாருக்கு வோணும்? பலன் என் பேர்லதானே நிக்கும்னீங்க?"

வேடியப்பன் கையை நீட்டினான். முஷ்டி மெதுவாக விரிந்தது. நூலைப் பிரித்து, மோதிரத்தை இரண்டு விரலால் பிடித்து, நடுவில் காற்றுகூடப் புகாத மாதிரி அவன் கையோடு கையை ஒட்டிவைத்து மாற்றினார். மோதிர விரலில் நுழையவில்லை. சுண்டு விரலில், முட்டியைத் தாண்ட ஒரு அழுத்து அழுத்தியதும் போய் உட்கார்ந்தது.

"கழட்டக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. ஞாபகம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

ஸ்ட்ரெச்சர் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போதும் ஒரு விரல் உயர்ந்தது. "மாப்பிள்ளை! பொய்!"

கதவு சாத்திக்கொண்டது.

வேடியப்பனும் கஸ்தூரியும் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சுண்டு விரலில் மோதிரம் எறும்பு ஏறினாற்போல உறுத்தியது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அப்போது போன் அடித்தது.

"சார், கீழ்பென்னாத்தூர்ல இருந்து செழியன் பேசறேன். பொண்ணுக்கு மரகதம் சொல்லியிருந்தேனே. பரீட்சை நெருங்கிடுச்சு. போட்டா கண்டிப்பா பாஸாயிடுவாளா சார்?"

மரகதத்துக்குரிய புதன் பகவானே பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்லிக் கொடுப்பார் என்கிற அளவுக்கு ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. சுண்டு விரல் உறுத்தியது. நாக்கு மடங்கிக்கொண்டது.

"பொண்ணு படிக்குதுங்களா?"

"நல்லா படிக்கும் சார். பயம்தான்."

"அப்ப கல்லு வேணாங்க. காலையில வயிறு நெறைய சாப்பிட வெச்சு அனுப்புங்க. அது போதும்."

போயிற்று ஒரு வியாபாரம் என்று நினைத்தபோது செழியன் பேசினார். "சார், வேணாம்னு சொல்ற கடைக்காரரை இப்பத்தான் பாக்குறேன். உங்களை நம்பாம வேற யாரை நம்பறது? பொண்ணுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ரெண்டா எடுத்து வெச்சிடுங்க."

வேடியப்பன் போனையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாருங்க?" என்றாள் கஸ்தூரி.

"கஸ்டமர். கல்லு வேணாம்னு சொன்னேன். ஜாஸ்தியா கேக்குறாரு."

அவள் சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன நேரம் எப்போதோ கடந்துவிட்டது. கீர்த்தனா வேகமாக வெளியே வந்து, எதையோ எடுத்துக்கொண்டு, இவர்கள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே ஓடினாள்.

"ஏங்க, அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

'ஒண்ணும் ஆவாது' என்பது வேடியப்பன் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம். சொல்லிவிடலாம். மோதிரத்தை ஒரு நொடி கழற்றிவிட்டுச் சொல்லலாம், சொன்னதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அவன் கட்டைவிரல் மோதிரத்தை முட்டிவரை தள்ளியும்விட்டது. கல்லில் ஒன்றுமில்லை என்று காலையில் அவன்தான் சொன்னான். ஒன்றுமில்லாததைக் கழற்ற என்ன யோசனை? ஆனால் அந்த நொடியில் பார்த்து உள்ளே ஏதாவது ஆகித் தொலைத்தால்? கட்டைவிரல் மோதிரத்தைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டது.

"தெரியல கஸ்தூரி" என்றான். "எனக்கும் பயமாத்தான் இருக்குது."

அவள் திரும்பிப் பார்த்தாள். "பயம்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. எதுக்கெடுத்தாலும் ஒரு தமாஷ் சொல்லுவீங்க."

"இன்னைக்கு ஒண்ணும் வரல."

"அப்பா போன அன்னைக்கும் என்னைச் சிரிக்க வெக்கத்தான் பாத்தீங்க. அன்னைக்கு உங்க மேல அவ்ளோ கோவம் எனக்கு." சொல்லிவிட்டு, மோதிரம் இருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவனும் கையை எடுக்கவில்லை.

கடைசியில் டாக்டர் ஆர்த்தி வெளியே வந்தார். கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததால் நேரமாகிவிட்டது, மற்றபடி நல்லபடியாக முடிந்தது என்றார். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. வெளியே எடுத்ததை வீட்டுக்காரர்களிடம் காட்டுவது வழக்கமாம். உள்ளே தேன் நிறத்தில் நாலைந்து கற்கள். வேடியப்பன் தன்னையறியாமல் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பார்வைக்கு அப்படியே கோமேதகம்.

"என்ன சார், ரேட்டு போடுறீங்களா?" என்றார் டாக்டர்.

சாயங்காலம் ரேணுகாம்பாளுக்கு நன்றாகத் தெளிவு வந்துவிட்டது. கீர்த்தனா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சார், உள்ள போனதும் மயக்க டாக்டரையே மெரட்டிட்டாங்க. ஊசி போடுறதுக்கு முன்னாடி கையைக் கழுவுனியான்னு கேக்குறாங்க. அவரு திரும்பப் போயி கழுவிட்டு வந்தாரு."

"பாத்தீங்களா அத்தை, கையில கல்லே இல்லாம நீங்க..." என்று வேடியப்பன் ஆவலோடு ஆரம்பித்தான்.

"கல்லுதான் உங்க வெரல்ல வேலை செஞ்சுக்கினு இருந்துதே" என்று முடித்துவிட்டார் மாமியார். பிறகு அவனைக் கிட்டே வரச் சொன்னார். "கழட்டுனீங்களா?"

"இல்லீங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நடுவுல பொய் கிய் ஏதாச்சும் சொன்னீங்களா?"

வேடியப்பன் யோசித்துப் பார்த்தான். செழியன், கஸ்தூரி, டாக்டர், நர்ஸ் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இல்லீங்க அத்தை."

"அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. கல்லு வேலை செஞ்சுதா?"

மோதிரம் இன்னும் விரலில்தான் இருந்தது.

"தெரியலீங்க. ஒரு தரம் கழட்டிடலாம்னு நெனச்சேன். கழட்ட பயமா இருந்துச்சு."

ரேணுகாம்பாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "தைரியக் கல்லைப் போட்டுக்கினு பயந்த ஆளு நீங்க ஒருத்தர்தாங்க மாப்பிள்ளை. நெஜமாலுமே உங்க ஜாதகத்துக்குக் கல்லு ஒத்துக்காது போலக்குது." சிரிப்பு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது" என்றார். "சரி, குடுங்க."

வேடியப்பன் மோதிரத்தை இழுத்தான். அசையவில்லை. திருகினான். பகல் முழுக்கத் திருகித் திருகிச் சுண்டு விரல் வீங்கிப்போயிருந்தது. கஸ்தூரி சோப்பு போட்டுப் பார்த்தாள். அதற்கும் வரவில்லை.

"கட்டர் எடுத்தாரவா சார்?" என்று கீர்த்தனா கேட்டாள்.

"வேணாம்" என்றான் வேடியப்பன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. கை தானாக முஷ்டியாக மூடிக்கொண்டது.

மாமியார் அந்த முஷ்டியைப் பார்த்தார்.

"வுடும்மா" என்று நர்சிடம் சொன்னார். "வீக்கம் வத்துனா நாளைக்குத் தானா வந்துட்டுப் போவுது. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வேடியப்பன் எழுந்திருக்கப் போனபோது, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"ஒரு ராத்திரியாச்சும் எம்பொண்ணு உங்க வாயால நெஜத்தைக் கேக்கட்டுங்க மாப்பிள்ளை."